கல்யாணத்துக்கு அவனும் வருகிறான்: ஆட்டிசப் பிள்ளையின் சொந்தக்காரர்களுக்கு

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு ஆலோசனை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அத்தை, மாமா, சித்தி, பெரியப்பா, எதிர் வீட்டு ஆச்சி என்று சுற்றியிருக்கும் நமக்குத்தான் யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. "ஏன் இவனை இப்படியே விட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்பதோ நாம்தான்.

என் அண்ணன் மகனுக்கு இப்போது 14 வயது. ஆட்டிசம் என்று தெரிந்தபோது மூன்றரை. அதற்கப்புறம் நாலைந்து வருடம் நான் செய்ததெல்லாம் தப்பு. வீட்டுக்கு வந்தவுடன் அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பி, "அத்தையைப் பார்த்து வணக்கம் சொல்லு" என்பேன். சொல்லுவான். சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். வணக்கம் வந்துவிட்ட சந்தோஷத்தில் நான் ஒரு நாளும் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்ததில்லை. அங்கே அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அரை மணி நேரம் கிடப்பான் என்று மதினி சொல்லித்தான் தெரியும்.

கல்யாணத்தை வைத்து எழுதுகிறேன். இந்தப் பிள்ளைகளுக்குச் சிரமமான அத்தனையும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கிற இடம் கல்யாண மண்டபம். அங்கே சமாளிக்கப் பழகிவிட்டால் காதுகுத்து, கிரகப்பிரவேசம், கோயில் கொடை எல்லாம் சுலபம்.

முதலில் கொஞ்சம் விவரம்

ஆட்டிசம் பிறவியிலேயே மூளை வேறு விதமாக அமைவது. தொற்று கிடையாது, வளர்ப்புக் கோளாறும் கிடையாது. கூடவே வலிப்போ தூக்கப் பிரச்சினையோ இருந்தால் அதற்கு மருத்துவம் உண்டு. ஆட்டிசத்தை எடுத்துவிட மாத்திரையும் இல்லை, லேகியமும் இல்லை. தடுப்பூசியால் வந்தது என்று யாராவது ஆரம்பித்தால், அந்தக் கதையைக் கிளப்பிய 1998ஆம் வருடக் கட்டுரையை அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

தமிழில் இதற்குச் சரியான பெயர் இன்னும் அமையவில்லை என்பது என் எண்ணம். மதியிறுக்கம் என்கிறார்கள். அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று இருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் பஸ்களின் நேரம் வரிசையாகத் தெரியும். புற உலகத்தைப் பற்றி எனக்குத்தான் அந்த அளவு சிந்தனை கிடையாது. ஆட்டிசம் என்றே சொல்லிவிட்டுப் போவோம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். டேமியன் மில்டன் என்று பிரிட்டனில் ஒரு சமூகவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர். 2012இல் ஒரு கருத்தை எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்று மட்டும் பேசுகிறோம். மற்றவர்களுக்கு ஆட்டிசம் உள்ளவரைப் புரியவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை, இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். எனக்கு இது உறைக்கப் பல வருடம் ஆனது. அதுவரை அவன் மட்டும்தான் என்னிடம் நடந்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பத்திரிகை வைக்கும்போதே கேட்டுவிடுங்கள்

"அவனையும் கூட்டிட்டு வருவீங்களா?" என்று இழுக்காதீர்கள். அந்த 'யும்' சுருக்கென்று குத்தும். "அவன் வர்றதுக்கு நாங்க என்ன ஏற்பாடு செய்யணும்?" என்று கேளுங்கள். எந்தச் சத்தம் ஆகாது, என்ன சாப்பிடுவான், தொட்டால் பிடிக்குமா, களைத்துவிட்டான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இந்த நாலும் தெரிந்தால் பெரும்பாலும் போதும். பதிலை அம்மாவிடம் மட்டும் வாங்காமல், பேசுகிற பிள்ளையாக இருந்தால் அவனிடமும் கேளுங்கள். பதில் உடனே வராது. என் மருமகன் சில கேள்விகளுக்கு மறுநாள்தான் பதில் சொல்வான். சரியான பதிலாக இருக்கும்.

அப்புறம், மண்டபத்தின் படங்களை இரண்டு நாள் முன்பே அனுப்பிவையுங்கள். வாசல், மணமேடை, சாப்பாட்டுக் கூடம், கழிப்பறை, மாடிப்படி, இவ்வளவு போதும். கூடவே நேரத்தையும் எழுதுங்கள்: 6.30 மணிக்கு டிபன், 7.45க்குத் தாலி கட்டு, 9 மணிக்குக் கிளம்பல். எதற்கு அப்புறம் எது என்று முன்கூட்டியே தெரிவது இந்தப் பிள்ளைகளுக்கு மூச்சுவிடுகிற மாதிரி. நம் கல்யாணங்களில் எதுவும் சொன்ன நேரத்துக்கு நடக்காது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். "7.45 இல்லைன்னா 8.15" என்று எழுதினால் அவன் அதற்குத் தயாராக இருப்பான். 7.45 என்று மட்டும் எழுதிவிட்டு எட்டு மணிக்கு இன்னும் ஐயர் மாலையைத் தேடிக்கொண்டிருந்தால் சிக்கல்தான்.

முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம் இரண்டுக்கும் வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். ஒன்றுக்கு வந்தால் போதும். லைட் மியூசிக் வைக்கிற ரிசப்ஷனைவிட முகூர்த்தம் மேல்.

ஒரு அறை

மண்டபத்தில் மணமகன் அறை, மணமகள் அறை தவிர மாடியில் நாலைந்து அறைகள் இருக்கும். தாம்பாளமும் சூட்கேசும் அடைத்துக் கிடக்கிற அந்த அறைகளில் ஒன்றை இவனுக்கென்று ஒதுக்குங்கள். சாவி அவனுடைய அம்மாவிடமோ அப்பாவிடமோ இருக்கட்டும். செலவே இல்லாத ஏற்பாடு. இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

அறை தண்டனைக்கு என்று ஆகிவிடக் கூடாது. "ஒழுங்கா இல்லன்னா ரூமுக்குப் போ" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அப்புறம் அந்த அறை அவனுக்கு உதவாது. அவனாக எழுந்து போவான், அவனாகத் திரும்பி வருவான். பாதிக் கல்யாணத்தை மேலேயே கழித்தானா? கழிக்கட்டும். வந்திருக்கிறான், அது கணக்கு.

சத்தத்தில் மோசமானது கெட்டி மேளம். நாதஸ்வரமும் தவிலும் அதுவரை ஒரு மட்டத்தில் போய்க்கொண்டிருக்கும். யாரோ விரலை ஆட்டியதும் சட்டென்று உச்சத்துக்கு ஏறும். நமக்கே நெஞ்சு அதிரும். சிலருக்குக் காது அதையே பல மடங்காக எடுத்துக்கொள்கிறது, வலிக்கவே செய்கிறது. தாலி கட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு ஆள் போய் அவனிடம் சொல்லிவிட வேண்டும். வெளியே போக வேண்டுமா, காதுமூடி போட்டுக்கொண்டு இருக்க வேண்டுமா என்பது அவன் இஷ்டம். காதுமூடியோடு முன்வரிசையில் உட்கார்ந்தால் போட்டோவில் நன்றாக இருக்காது என்று எங்கள் வீட்டில் ஒருவர் சொன்னார். போட்டோவில் நன்றாகத்தான் இருந்தது.

உடையிலும் இதே கதைதான். பட்டு வேட்டியின் ஜரிகை உறுத்தும், புதுச் சட்டையின் காலர் கழுத்தை அறுக்கும். பழைய காட்டன் சட்டையில் வந்தால் வரட்டும். வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்களிடம் இவன்மேல் வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

பார்த்ததும் என்ன செய்வது

கன்னத்தைக் கிள்ளாதீர்கள். இழுத்து அணைக்காதீர்கள். "என்னை யாருன்னு தெரியுதா?" என்ற அந்தப் பரீட்சை எந்தப் பிள்ளைக்குமே வேண்டாம், இவனுக்குச் சுத்தமாக வேண்டாம். ஒரு கை தூரத்தில் நின்று, உங்கள் பெயரையும் உறவையும் நீங்களே சொல்லுங்கள். "நான் உன் சின்னத் தாத்தா. தென்காசியிலிருந்து வந்திருக்கேன்." அவ்வளவுதான்.

கண்ணைப் பார்க்கச் சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்தால் பேச்சு காதில் ஏறாது, பேச்சைக் கேட்டால் முகத்தைப் பார்க்க முடியாது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே உங்கள் பேச்சு முழுவதையும் அவன் கேட்டுக்கொண்டிருப்பான். பெரியவர்கள் முன்னால் தலை நிமிர்ந்து கண்ணைப் பார்த்துப் பேசாதே என்று ஒரு காலத்தில் நம்மை வளர்த்தவர்களும் நம் வீட்டார்தான். அதே வீட்டில் இன்றைக்குக் கண்ணைப் பார் என்று தாடையைத் திருப்புகிறோம்!

பேசும்போது சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வான் என்பதை நினைவில் வையுங்கள். "ஒரு நிமிஷம் இரு" என்றால் அறுபது எண்ணிவிட்டு வந்து நிற்பான். "காலை ஒடைச்சுடுவேன்" என்று செல்லமாக மிரட்டினால் உண்மையிலேயே பயந்துபோவான். "சாப்பிட்டியா?" என்று கேட்டதற்கு அதையே திருப்பி "சாப்பிட்டியா" என்றால், அது கிண்டல் கிடையாது. சில பிள்ளைகளுக்கு அதுதான் 'ஆமாம்'. சிலருக்குக் கேள்வியை மனதில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிற நேரம்.

பேசாத பிள்ளைகள் படங்களைத் தொட்டோ டேப்லெட்டில் எழுத்தை அழுத்தியோ பேசுவார்கள். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலியை நிறையக் குடும்பங்கள் வைத்திருக்கின்றன. "எந்நேரமும் செல்லா?" என்று அதைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். பிடுங்கினால் அவன் வாயைப் பொத்திய மாதிரி.

பந்தி

இலைச் சாப்பாடு இவர்களில் பலருக்குப் போர்க்களம். பச்சடி ஓடிப் பொரியலைத் தொடும், சாம்பார் அணை உடைத்து அப்பளத்தை நனைக்கும், கேட்காமலே ஒருவர் பின்னால் நின்று பாயசத்தை ஊற்றுவார். தனித் தட்டு கொடுங்கள். இரண்டு இட்லி, சட்னி இல்லாமல், ஒன்றையொன்று தொடாமல். வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டு வந்தால் அதையே பந்தியில் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். "கல்யாணத்துக்கு வந்துட்டு வெறும் தயிர்சாதமா" என்று பரிமாறுகிறவர் வருத்தப்படுவார். அவரை நீங்கள் சமாதானப்படுத்துங்கள், அது சொந்தக்காரர் வேலை. முதல் பந்தியிலோ கடைசிப் பந்தியிலோ உட்கார வைத்தால் பின்னால் இடம் பிடிக்க நிற்கிற கூட்டம் இருக்காது.

கையை உதறுவான், ஆடுவான், சுற்றுவான்

இங்கேதான் நம் கை சும்மா இருக்காது. உதறுகிற கையைப் பிடித்து மடியில் அழுத்துவோம். யாரும் பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்ப்போம்.

எனக்கு உதவிய கேள்வி ஒன்று: இதனால் யாருக்கு அடிபடுகிறது? ரோட்டில் ஓடினால் அடிபடும். தலையைச் சுவரில் முட்டினால் அவனுக்கு, தம்பியைக் கடித்தால் தம்பிக்கு. அப்போது தடுக்க வேண்டும், காரணம் தேட வேண்டும், வேறு வழி சொல்லித் தர வேண்டும். எதையும் கற்றுத் தராமல் விட்டுவிடச் சொல்லவில்லை நான். கையை உதறினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. சங்கடப்படுகிறவர் நாம், அவ்வளவுதான். நம் சங்கடத்துக்கு மருந்து அவன் கையில் இல்லை.

அந்த உதறல் அவனுக்கு வேலை செய்கிறது. நாம் காலை ஆட்டிக்கொண்டு யோசிக்கிறோமே, பரீட்சைக்குப் பேனாவைக் கடிக்கிறோமே, அதன் பெரிய வடிவம். சந்தோஷத்திலும் உதறுவான், தாங்க முடியாதபோதும் உதறுவான். எது எது என்று பார்த்துப் பழகினால் அது உங்களுக்கே ஒரு மொழியாகிவிடும். அடக்கச் சொல்லி அடக்கச் சொல்லி வளர்த்தால் அடக்கவும் செய்வார்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். ஊருக்கு முன்னால் எல்லோரையும் போல நடித்துவிட்டு வீட்டுக்கு வந்து நொறுங்குவார்கள். இப்படி மறைத்து வாழ்கிற பெரியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்தக் கட்டிலுக்கு அடியிலான அரை மணி நேரம் என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உடைந்துவிட்டால்

எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும் சில சமயம் உடைந்துவிடும். அலறுவான், தரையில் விழுவான், காதில் அறைந்துகொள்வான். அடம் வேறு, இது வேறு. அடம் பிடிக்கிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்ததும் நிறுத்தும். இது கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, பால் பொங்கிவிட்ட மாதிரி.

அப்போது அப்பா அம்மா இருவரில் ஒருவர் போதும். மற்றவர்கள் விலகுங்கள். பேசாதீர்கள், ஆறுதல் சொல்கிற குரலும் அந்த நேரத்தில் ஒரு சத்தம்தான். விபூதி பூசாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். வீடியோகாரரின் லைட்டை வேறு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். செல்போனை எடுக்கிற யாரையும் கையைப் பிடித்துத் தடுக்கலாம், அங்கே மட்டும் வன்முறைக்கு என் அனுமதி உண்டு. மேசை, கண்ணாடி போன்று அடிபடக்கூடியவற்றை நகர்த்துங்கள். அப்புறம் காத்திருங்கள். பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம்.

சில பிள்ளைகள் அலற மாட்டார்கள், அப்படியே அடங்கிவிடுவார்கள். கூப்பிட்டால் பதில் வராது, உடம்பு விறைத்திருக்கும். "எவ்வளவு சமத்தா உட்கார்ந்திருக்கான் பாரு" என்று பாராட்டுவோம். சமத்து கிடையாது அது, அவனுக்குத் தாங்கவில்லை. மாடி அறைக்கு வழிவிடுங்கள்.

அவன் விருப்பத்துக்கு ஒரு இடம்

1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிசம் பற்றிய பேச்சு அதிலிருந்துதான் பெரிதாகத் தொடங்கியது. அதில் முதலாவதாக வருகிற பிள்ளை டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்க்காரர். சிறு வயதில் சில வருடம் ஒரு விவசாயக் குடும்பத்தோடு தங்கியிருந்தார். எதையும் எண்ணிக்கொண்டும் அளந்துகொண்டும் இருப்பார். அந்த விவசாயி எண்ணாதே என்று அதட்டவில்லை. சோள வரிசைகளை எண்ணுகிறாயா, உழுதுகொண்டே எண்ணு என்றார். அளக்கிறாயா, கிணறு தோண்டி ஆழத்தைச் சொல் என்றார். செத்த பறவையையும் பூச்சியையும் பொறுக்குகிறாயா, இந்தா ஒரு மூலை, புதைத்துப் பெயர் எழுதி வை என்றார். பின்னாளில் டொனால்ட் ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக நாடு நாடாகச் சுற்றினார். 2023இல், 89 வயதில் காலமானார். வங்கி அவர் குடும்பத்தாருடையது, வசதியான வீடு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சோளக்காட்டுக்காரருக்கு வசதி எதுவும் தேவைப்படவில்லை.

போன தை மாதம் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலப் பைகளை என் மருமகனிடம் காட்டி, "அடுக்கித் தர்றியா?" என்று கேட்டேன். மாடி அறையில் பத்துப் பத்தாக நாற்பது வரிசை வைத்தான். ஆறு பைகளில் தேங்காய் இல்லை என்று கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைத்தான். அன்றைக்கு அவன் கீழே வந்தது இரண்டே தடவை. மண்டபத்தில் எத்தனை மின்விசிறி, அதில் எது ஓடவில்லை என்றும் சொன்னான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பை அடுக்கினதால்தான் அவன் பரவாயில்லை என்று யாராவது பேச ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். எதையும் எண்ணாத, எதையும் மனப்பாடம் செய்யாத, சாப்பிடவும் கழிப்பறைக்குப் போகவும் இன்னொருவர் துணை வேண்டியிருக்கிற ஆட்டிசப் பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்களுக்கும் மண்டபத்தில் நாற்காலி உண்டு. பிள்ளைக்கு வேண்டாம் என்றால் வேலை கொடுக்காதீர்கள்.

அப்பா அம்மாவிடம்

"போன ஜென்மத்துப் பாவம்", "எங்க தெருவில ஒரு பையன் சரியாயிட்டானே", "அந்த ஊர்ல ஒரு வைத்தியர் இருக்கார்", "இவன் காலம் எப்படிப் போகுமோ." இந்த நாலையும் அவர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். பலமுறை.

உதவ வேண்டுமென்றால் வரிசையில் நின்று உதவுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிற 21 வகைக் குறைபாடுகளுக்குள் ஆட்டிசமும் இருக்கிறது. சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்க மருத்துவமனைக்கு அலைய வேண்டும், அந்தக் கூட்டத்தில் பிள்ளையோடு காத்திருப்பது சாதாரண வேலை கிடையாது. கூடப் போங்கள். தேசிய அறக்கட்டளை என்ற மத்திய அரசு அமைப்பின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு, விண்ணப்பத்தை நீங்கள் நிரப்பிக் கொடுக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் என்றால் சென்னையில் உங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்க இடம் கொடுங்கள். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஆள் போன்ற சலுகைகளைப் பள்ளியில் முன்கூட்டியே கேட்க வேண்டும், கடைசி மாதத்தில் ஓடக் கூடாது.

ஒன்றுமே முடியாவிட்டால், கல்யாணத்தன்று ஒரு அரை மணி நேரம் அவன் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். மதினி தன் தங்கை கல்யாணத்தில் தாலி கட்டுவதைப் பார்க்கவே இல்லை, வாசலில் அவனோடு நின்றிருந்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் இருபது பேர் உள்ளே இருந்தோம், ஒருத்திக்கும் போய் மாற்றிவிடத் தோன்றவில்லை.

கிளம்பும்போது

சொன்ன நேரத்துக்குக் கிளம்பவிடுங்கள். "இன்னும் ஒரு போட்டோ" என்று வாசலில் நிறுத்தாதீர்கள். அவன் டாட்டா காட்டவில்லை என்றால் நீங்கள் காட்டிவிட்டு உள்ளே போங்கள். மறுநாள் அவன் பள்ளிக்குப் போகாமல் நாள் முழுக்கப் படுத்திருக்கலாம், பேச்சும் குறைந்திருக்கலாம். நலம் விசாரிக்கிற போனை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவையுங்கள். போன் அடிப்பதும் ஒரு சத்தம்.